30 நாள் கெடு



போன வாரம் எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு படம் வந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஒரு விளையாட்டு வீரர் நிற்கிறார். இரண்டு காலிலும் வேறு வேறு காலணி. போட்டியன்று யாரோ இவருடைய ஷூவைத் திருடிவிட்டார்கள், குப்பைத்தொட்டியில் கிடைத்த இரண்டு ஒற்றை ஷூக்களை மாட்டிக்கொண்டு ஓடி ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கினார், நீங்கள் என்ன சாக்குச் சொல்லப்போகிறீர்கள் என்று கீழே எழுதியிருந்தது. கைகூப்பும் பொம்மையை முப்பது நாற்பது பேர் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன்.

போட்ட பிறகு மனசு கேட்கவில்லை. அந்த மனிதர் ஜிம் தோர்ப். படம் உண்மையானதுதான், குப்பைத்தொட்டிக் கதையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். இந்த மாதிரிச் செய்திகள் எல்லாம் தங்கப் பதக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த இரண்டு தங்கத்தையும் ஆறே மாதத்தில் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதையும், அதைத் திரும்ப வாங்க எழுபது வருஷம் ஆயிற்று என்பதையும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. நான் முப்பத்தைந்து வருஷம் கோப்பு எழுதிப் பிழைத்தவன். எனக்கு அந்த ஓட்டத்தைவிட, அதற்குப் பின்னால் நடந்த கோப்பு வேலைதான் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ஏன் என்று பிற்பாடு சொல்கிறேன்.

தோர்ப் 1887இல், இன்றைக்கு ஓக்லஹோமா என்கிற மாநிலத்தில் பிறந்தவர். அப்போது அந்தப் பகுதிக்கு இந்தியன் டெரிட்டரி என்று பெயர். அமெரிக்கப் பழங்குடியினரைத் துரத்தித் துரத்திக் கொண்டுபோய் ஒதுக்கிவைத்த நிலம். அப்பா சாக் அண்ட் ஃபாக்ஸ் இனம், பாதி ஐரிஷ் ரத்தம். அம்மா பொட்டாவாட்டமி இனம். அவருடைய குடும்பப் பெயர் வியே. பிரெஞ்சு படித்த புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் பெயரைப் பார்த்ததும் புருவம் உயரும். ஆமாம், 'கிழவன்' என்று பொருள்படும் அதே பிரெஞ்சுச் சொல்தான். தோல் வியாபாரத்துக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் அங்கே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டதால் வந்த பெயர். நம் ஊரிலும் அப்படி எத்தனை பெயர்கள்!

ஜிம்முக்கு ஒரு இரட்டைச் சகோதரன் இருந்தான், சார்லி என்று. ஒன்பது வயது வாக்கில் நிமோனியாவில் இறந்துபோனான். அதற்குப் பிறகு ஜிம் பள்ளிக்கூடத்தில் நிலைகொள்ளவில்லை. ஓடி ஓடி வந்துவிடுவான். அப்புறம் சில வருஷத்தில் அம்மா போனாள், பிரசவத்தில் ஏற்பட்ட சிக்கலில். 1904இல் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். பதினேழு வயதுக்குள் மூன்று சாவு. அதே வருஷம்தான் பையனைப் பென்சில்வேனியாவில் உள்ள கார்லைல் இண்டியன் பள்ளியில் சேர்த்தார்கள்.

அந்தப் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1879இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி, பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில் அதைத் தொடங்கினார். பழங்குடிப் பிள்ளைகளை நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலிருந்து ரயிலில் கொண்டுவந்து, தலைமுடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்து, வெள்ளைக்காரர் மாதிரி ஆக்குவதுதான் நோக்கம். அரை நாள் பாடம், அரை நாள் தொழில். கோடை விடுமுறையில் வீட்டுக்கு அனுப்புவதை அவர்கள் விரும்பமாட்டார்கள். போனால் பழைய பழக்கம் திரும்பிவிடும் என்ற பயம். அதற்குப் பதிலாக வெள்ளைக்காரர் வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் குறைந்த கூலிக்கு வேலைக்கு அனுப்புவார்கள். நோயில் இறந்த பிள்ளைகளின் கல்லறைகள் அந்த வளாகத்திலேயே வரிசையாக இருக்கின்றன.

பெயருக்குத்தான் பள்ளிக்கூடம். ஃபுட்பாலில் கார்லைல் மோதியது ஹார்வர்ட் மாதிரி பெரிய பல்கலைக்கழகங்களோடு. ஃபுட்பால் என்றால் நம் ஊர்க் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளும் அமெரிக்க ஆட்டம். பயிற்சியாளர் பாப் வார்னர் அந்த நாளில் பெரிய பெயர். ஜனங்கள் இண்டியன் பையன்கள் ஆடுவதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். டிக்கெட் வசூலில் பள்ளிக்கு நல்ல வருமானம். ஆடுகிற பையன் மட்டும் 'அமெச்சூர்'. அவன் கையில் காசு வாங்கக் கூடாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1909 கோடையில் தோர்ப், கார்லைல் பையன்கள் இரண்டு பேரோடு, தெற்கே வட கரோலினாவுக்குப் போனார். ராக்கி மவுண்ட் என்ற சின்ன ஊர். அங்கே ஒரு சிறிய பேஸ்பால் லீக் நடந்துகொண்டிருந்தது. அதில் சேர்ந்து ஆடினார். 1910இலும் ஆடினார். சம்பளம் உண்டு. ஆட்டத்துக்கு 2 டாலர் என்றும், வாரத்துக்கு 35 டாலர் வரை என்றும் பல கணக்குகள் சொல்வார்கள். சாப்பாட்டுக்கும் தங்கும் அறைக்கும் போதுமான காசு, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் கல்லூரிப் பையன்கள் பலர் கோடையில் இப்படி ஆடி நாலு காசு பார்ப்பது வழக்கம்தான். விவரம் தெரிந்தவர்கள் வேறு பெயரில் ஆடுவார்கள். கல்லூரி திறந்ததும் சொந்தப் பெயரோடு அமெச்சூராகத் திரும்பிவிடுவார்கள். தோர்ப் ஜிம் தோர்ப் என்றே ஆடினார். உள்ளூர்ப் பத்திரிகையில் பெயர் வந்தது. போகிற வீடு இல்லாத இருபத்திரண்டு வயசுப் பையனுக்குக் கோடை விடுமுறை என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அவர் ஒன்றும் தெரியாத குழந்தை என்று நான் சொல்லவரவில்லை. 1911இல் வார்னர் அவரைத் திரும்ப அழைத்தார், ஒலிம்பிக் வருகிறது என்று. அமெச்சூர் தடகளச் சங்கத்தில் பதிவு செய்ய ஒரு விண்ணப்பப் படிவம் உண்டு. அதில் இருந்த கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் தோர்ப்தான். காசுக்கு ஆடியதை அங்கே மறைத்துவிட்டார். அரசாங்கப் படிவங்களோடு காலம் கழித்தவன் நான். கையெழுத்துக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். தப்பு தப்புதான்.

1911 நவம்பரில் ஹார்வர்டைக் கார்லைல் 18க்கு 15 என்று தோற்கடித்தது. தோர்ப் நான்கு முறை பந்தை உதைத்துக் கம்பத்துக்கிடையே செலுத்தினார். மறு வருஷம் ஜூலையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். பென்டத்லான் என்ற ஐந்து போட்டிகளில் நான்கில் முதலிடம். பிறகு மூன்று நாள் டெகத்லான், பத்துப் போட்டிகள். அந்தக் காலக் கணக்கில் 8,412 புள்ளிகள். இரண்டாவதாக வந்த சுவீடன்காரர் ஹியூகோ வீஸ்லாண்டர் ஏறக்குறைய 700 புள்ளி பின்னால். சுவீடன் அரசர் ஐந்தாம் குஸ்தாவ் தோர்ப்பின் கையைப் பிடித்து உலகத்திலேயே பெரிய வீரர் நீங்கள்தான் என்று சொன்னதாகவும், தோர்ப் கூச்சத்தோடு நன்றி ராஜா என்றதாகவும் ஒரு பேச்சு வழங்கிவருகிறது. நியூயார்க்கில் ஊர்வலம் விட்டார்கள்.

அதே ஒலிம்பிக்கில் நவீன பென்டத்லான் என்ற போட்டியில் ஐந்தாவதாக வந்தவர் ஜார்ஜ் பேட்டன். ஆம், இரண்டாம் உலகப் போரில் பெயர் வாங்கிய அதே தளபதி பேட்டன். அப்போது ராணுவத்தில் லெஃப்டினன்ட். அரசாங்கச் சம்பளத்தில் இருந்தார். குதிரையேற்றமும் வாள்வீச்சும் துப்பாக்கி சுடுவதும் அவருடைய உத்தியோகத்திலேயே அடங்கியவை. அவர் அமெச்சூர், இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அமத்தேர் என்றால் பிரெஞ்சில் 'நேசிப்பவர்'. எங்கள் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த வாத்தியார், காசுக்காக அல்லாமல் ஆசைக்காகச் செய்பவன் என்று அழகாக விளக்குவார். அழகான சொல்தான். ஆனால் அதை விளையாட்டில் சட்டமாக்கியவர்கள் ஆங்கிலேயக் கனவான்கள். 1879இல் ஹென்லி படகுப் போட்டிக்கு எழுதிய விதியில், கூலிவேலை செய்கிறவன், கைத்தொழில் செய்கிறவன், மெக்கானிக் யாரும் அமெச்சூர் ஆக முடியாது என்று வெளிப்படையாகவே போட்டார்கள். காசு வாங்கினானா என்பது கூட இல்லை. உழைத்துச் சாப்பிடுகிறவனா என்பதே கேள்வி. பிற்பாடு சொற்களை நாகரிகமாக மாற்றிக்கொண்டார்கள். விதியின் வேர் அங்கேதான் இருந்தது.

1913 ஜனவரி கடைசியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது, தோர்ப் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடியவர் என்று. கரோலினா லீக்கில் மேலாளராக இருந்த ஒருவர் வாய்விட்டதால் வெளியான சங்கதி. மற்ற பத்திரிகைகளும் பிடித்துக்கொண்டன. அதன் பிறகு நடந்த வேகத்தைப் பாருங்கள். ஜனவரி 26 தேதியிட்டு, அமெச்சூர் தடகளச் சங்கச் செயலாளர் ஜேம்ஸ் சல்லிவனுக்குத் தோர்ப் பெயரில் ஒரு கடிதம். மறுநாளே தீர்ப்பு. அமெச்சூர் தகுதி ரத்து. பதக்கங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுவீடனுக்கு மன்னிப்புக் கடிதம். மே மாதம் சர்வதேச ஒலிம்பிக் குழு அதற்கு முத்திரை வைத்தது. அப்போது அதன் தலைவர் பியேர் த குபெர்த்தேன். நாங்கள் பள்ளியில் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய பெயர்.

அந்தக் கடிதத்தில் தோர்ப் ஒப்புக்கொள்கிறார். ஆடினேன், காசு வாங்கினேன். ஆனால் காசுக்காக ஆடவில்லை, ஆட்டம் பிடித்ததால் ஆடினேன். மற்ற கல்லூரிப் பையன்களும்தான் ஆடினார்கள், அவர்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. நான் ஒரு இண்டியன் பள்ளிப் பையன், இதெல்லாம் எனக்கு முழுதாகத் தெரியாது. இந்த ரீதியில் போகிறது. கடிதத்தின் நடை பையனுடைய நடை இல்லை, வார்னர் எழுதவைத்தது என்பது பலருடைய கருத்து. அதில் ஒரு வாக்கியம் முக்கியமானது. பேஸ்பால் ஆடியதை ரகசியமாக வைத்திருந்தது பெரிய தப்பு என்று அவர் எழுதுகிறார். பள்ளிக் கண்காணிப்பாளரும் எங்களுக்கு எதுவும் தெரியாது என்று தனியாகக் கடிதம் கொடுத்தார்.

அதாவது, பெயர் பெற்ற ஆட்டக்காரன் ஒருவன் இரண்டு கோடை காணாமல் போயிருக்கிறான். அவனோடு போனவர்கள் அதே பள்ளிப் பையன்கள். பத்திரிகையில் பெயர் வந்திருக்கிறது. இது எதுவும் பயிற்சியாளருக்குத் தெரியாதாம். ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதை நம்புவீர்களா? கோப்பில் இருப்பது ஒரே ஒரு ஒப்புதல் வாக்குமூலம். அது மற்ற எல்லோரையும் விடுவிக்கிறது. இப்படிப்பட்ட கடிதம் தானாக உருவாகாது. விசாரணை என்று ஒன்று வைத்திருந்தால் யார் யார் பெயர் வெளியே வரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அதனால் ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். மறு வருஷம், 1914இல், மாணவர்கள் மனுப் போட்டதன்பேரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு வந்து கார்லைல் பள்ளியை விசாரித்தது. கண்காணிப்பாளர் பதவி போயிற்று. வார்னரும் அடுத்த வருஷம் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 1918இல் பள்ளியையே மூடிவிட்டார்கள். ஆனால் தோர்ப் கோப்பை யாரும் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை.

இதில் ஒரு விதி இருந்தது. ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்கு அச்சடித்த விதிமுறைப் புத்தகத்திலேயே இருந்தது. ஒரு போட்டியாளரின் தகுதியைப் பற்றி ஆட்சேபம் இருந்தால் 30 நாளுக்குள் எழுப்ப வேண்டும். ஆட்சேபம் வந்தது ஆறு மாதம் கழித்து. நம் பாஷையில் சொன்னால் காலவரம்பு கடந்த மனு. எடுத்ததுமே 'கெடு முடிந்துவிட்டது, ஏற்பதற்கில்லை' என்று எழுதித் திருப்ப வேண்டியது. இனிமேல் அமெச்சூராக ஆடக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். அது அவர் செய்த தப்புக்கு உரிய பலன். முடிந்துபோன போட்டியின் முடிவை அழித்தது வேறு விஷயம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு எல்.டி.சி. கூடச் சொல்லிவிடுவான். அவர்கள் சொல்லவில்லை. தோர்ப்புக்கு வக்கீல் இல்லை, பெற்றோர் இல்லை. அவருடைய சொத்துப் பணம்கூட அரசாங்க முகவர் கையில்தான் இருந்தது. அமெரிக்கப் பழங்குடியினர் எல்லோருக்கும் குடியுரிமை வந்ததே 1924இல். அந்த மனிதன் எந்தப் புத்தகத்தைப் புரட்டி எந்த விதியைக் காட்டுவான்?

இப்போது என் கதை.

எண்பதுகளின் நடுவில் நான் யூ.டி.சி.யாக ஒரு அலுவலகத்தில் இருந்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு பையன் தேர்வாகியிருந்தான். கல்லூரியில் 400 மீட்டர் ஓட்டக்காரன். சான்றிதழ் சரிபார்க்கும் வேலை என்னுடையது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் மூன்றாம் இடம் என்று சான்றிதழில் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டேன். அவர் கலந்துகொண்டது உண்மை, இடம் எதுவும் பெறவில்லை என்று பதில் வந்தது. பங்கேற்புச் சான்றிதழைத் திருத்தியிருக்கிறான். கூர்ந்து பார்த்தால் மையின் நிறமே வேறு.

எப்படியோ தெரிந்துகொண்டு பையன் ஆபீஸுக்கு வந்துவிட்டான். என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றான். உட்காரச் சொன்னேனா என்று நினைவில்லை, சொல்லியிருக்கமாட்டேன். "சார், அப்பா காரியம் முடிஞ்ச மறு வாரம் சார் அந்தப் போட்டி. ஓட முடியல சார். அதுக்கு முந்தின வருஷம் ரெண்டாவதா வந்தேன், அந்த சர்டிஃபிகேட் இருக்கு, ஆனா மூணு வருஷத்துக்குள்ள வாங்கினதா இருக்கணும்னு போட்டுட்டீங்க. தங்கச்சி ரெண்டு பேர் சார்." இவ்வளவும் ஒரே மூச்சில் சொன்னான். "எழுதிக் குடுங்க, வெக்கிறேன்" என்றேன். என் மேஜையிலேயே ஒரு தாள் வாங்கி அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தான். கையெழுத்து நன்றாக இருந்தது.

வைத்தேன். கடிதப் பகுதியில் பக்க எண் போட்டுக் கோத்து வைத்தேன். ஆனால் குறிப்பில் அதைச் சுட்டவில்லை. ஆபீஸ் தெரிந்தவர்களுக்கு இது புரியும். மேலே இருப்பவர்கள் குறிப்பைத்தான் படிப்பார்கள். குறிப்பில் 'பக்கம் இத்தனை பார்க்க' என்று சொல்லாத தாள் கோப்பில் இருந்தும் இல்லாத மாதிரி. நடவடிக்கைக்கு முன்னால் விளக்கம் கேட்டு 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். உண்மை ஐயத்துக்கிடமின்றி இருப்பதால் அது தேவையில்லை என்று எழுதினேன். தேர்வை ரத்து செய்யலாம் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இனி எந்த அரசுப் பணிக்கும் விண்ணப்பிக்கத் தகுதியற்றவர் என்று அறிவிக்கலாம் என்றும் சேர்த்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகச் சேர்த்ததுதான். கறாரான ஆள் என்று எனக்கு அப்போது ஒரு பெயர் இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசை. சூப்பரின்டென்டென்ட் ஒரு எழுத்து மாற்றாமல் கையெழுத்துப் போட்டார், மேலேயும் அப்படியே போயிற்று.

அந்த வேலையை அவனுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். அடுத்த இடத்தில் இருந்தவனும் ஓடிக் கால் தேய்ந்தவன்தான். அவனுக்கும் வீடு வாசல் இருந்திருக்கும். ரத்து செய்தது சரி. கடைசி வரியும், சுட்டாமல் விட்ட பக்க எண்ணும்தான் எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயங்கள்.

தோர்ப்புக்கு வருகிறேன். பதக்கம் போன வருஷமே நியூயார்க் ஜயண்ட்ஸ் அவரைப் பேஸ்பாலுக்கு எடுத்தது. 1919 வரை பெரிய லீக்கில் ஆடினார். தொழில்முறை ஃபுட்பாலிலும் கொடிகட்டிப் பறந்தார், இன்றைக்கு என்.எஃப்.எல். என்கிறார்களே, 1920இல் அது வேறு பெயரில் தொடங்கியபோது அதன் முதல் தலைவரே இவர்தான். ஆக, பிழைப்புக்குப் பஞ்சம் வராமல் பார்த்துக்கொண்டார், கொஞ்ச காலத்துக்கு. முதல் பையன் சிறு குழந்தையாகவே இறந்துபோனான். பிறகு குடி, பொருளாதார மந்தம், மண் வெட்டும் கூலி வேலை, ஹாலிவுட் படங்களில் கூட்டத்தில் நிற்கும் வேடம். 1950இல் அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் அரை நூற்றாண்டின் தலைசிறந்த வீரர் என்று தேர்ந்தெடுத்தார்கள். 1951இல் பர்ட் லங்காஸ்டர் அவராக நடித்துப் படம் வந்தது. அதே வருஷம் உதட்டில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது கையில் காசில்லை. 1953 மார்ச்சில் கலிஃபோர்னியாவில், ஒரு டிரெய்லர் வீட்டில் இறந்தார்.

அவர் இருந்தவரையிலும், இறந்த பிறகும், பதக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டவர்கள் பலர். 1952 முதல் 1972 வரை இருபது வருஷம் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தவர் ஏவரி பிரண்டேஜ், அமெரிக்கர். அவர் இருந்தவரை கதவு திறக்கவில்லை. இந்தப் பிரண்டேஜ் யார் தெரியுமா? 1912இல் ஸ்டாக்ஹோமில் அதே பென்டத்லானிலும் டெகத்லானிலும் தோர்ப்புக்கு எதிராக இறங்கித் தோற்றவர். அவர் மனசில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் போட்டியில் தோற்றவன் கையில் ஜெயித்தவன் கோப்பு போகக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் கூட அந்த மாதிரி நேரத்தில் கோப்பை வேறு செக்‌ஷனுக்கு மாற்றிவிடுவார்கள்.

1973இல் அமெரிக்க அமெச்சூர் சங்கம் இறங்கிவந்து அவருடைய தகுதியைத் திருப்பிக் கொடுத்தது. ஒலிம்பிக் குழு அசையவில்லை. கடைசியில் அசைத்தது ஒரு புத்தகம். தோர்ப்பின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ராபர்ட் வீலரும் அவர் மனைவி ஃபுளோரன்ஸ் ரிட்லனும் அந்த 1912 விதிமுறைப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில், அலமாரிகளுக்கு நடுவே விழுந்து கிடந்த பிரதி ஒன்று ரிட்லன் கையில் கிடைத்தது. அதில் 30 நாள் விதி அச்சில் இருந்தது. 1982 அக்டோபரில் ஒலிம்பிக் குழு ஒப்புக்கொண்டது. 1983 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் அவர் பிள்ளைகளிடம் பதக்கங்களைக் கொடுத்தார்கள். அசல் இல்லை, நகல். அப்போதும் முழு மனசில்லை. வீஸ்லாண்டரோடும், பென்டத்லானில் நார்வேக்காரர் ஃபெர்டினண்ட் பீயோடும் சேர்ந்து கூட்டு வெற்றியாளர் என்றுதான் பதிவேட்டில் எழுதினார்கள்.

அந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. தோர்ப் இருந்த இடத்தில் தங்கள் பெயர் ஏறிய நாளிலிருந்து அவர்கள் அதைச் சொந்தம் கொண்டாடவில்லை. தனக்கு ஒதுக்கிய தங்கத்தை வீஸ்லாண்டர் ஒருநாளும் ஏற்கவில்லை, ஜெயித்தவர் தோர்ப் ஒருவர்தான் என்பதே அவருடைய எண்ணம் என்று அவர் குடும்பத்தார் உறுதி சொன்னார்கள். பீ விஷயத்தில் நார்வே விளையாட்டுச் சங்கமும் அப்படியே சொன்னது. அதை வைத்துத்தான் 2022 ஜூலை 15 அன்று, டெகத்லான் முடிந்து சரியாக 110 வருஷம் ஆன நாளில், இரண்டு போட்டிக்கும் ஒரே வெற்றியாளர் ஜிம் தோர்ப் என்று ஒலிம்பிக் குழு அறிவித்தது. அன்றைக்குச் செய்தியை டி.வி.யில் பார்த்துவிட்டுத்தான் நான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வீட்டில் இருப்பவர்களுக்கு ஏன் இந்தக் கிழவன் பழைய அமெரிக்கக் கதையைப் போட்டுக் குடைகிறான் என்று புரியவில்லை.

அந்தப் பையனை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. கடற்கரையில் விடியற்காலையில் நடக்கும்போது, பிள்ளைகளை ஓடவைத்துக்கொண்டு விசில் ஊதும் ஆட்களைப் பார்த்தால் முகத்தை உற்றுப் பார்ப்பேன். இருந்தால் இப்போது அறுபதை ஒட்டி இருப்பான். எனக்கு அடையாளம் தெரியாது. கோப்பைத் தேடலாமா என்று ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை பழைய அலுவலகத்துக்குப் போய் ரெக்கார்ட் ரூமில் இருந்த பெரியவரைக் கேட்டேன். "சார், அந்த வருஷத்துக் கட்டெல்லாம் எப்பவோ அழிச்சாச்சே" என்றார். உண்மைதான். கோப்பை முடித்துக் கட்டும்போது மேலட்டையில் 'பத்து ஆண்டு வைத்திருந்து அழிக்கலாம்' என்று எழுதியவனே நான்தான்.